ஆறு சுற்றுகளும் ஒரு கேள்வியும்: விற்பனை வேலைக்கான தேர்வில் சாதி எங்கே நுழைகிறது?

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியே வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் முதலில் தட்டுகிற கதவு விற்பனை வேலை. மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி, தனியார் வங்கியின் விற்பனை அலுவலர், காப்பீட்டு நிறுவனத்தின் விற்பனை மேலாளர், நுகர்பொருள் நிறுவனத்தின் பகுதி விற்பனை அலுவலர் என்று பதவியின் பெயர் மாறலாம். வேலையின் சாரம் ஒன்றுதான். மாதந்தோறும் ஓர் இலக்கு தரப்படும். எட்டினால் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் மேலாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம் என்பதால் இது எளிதில் கிடைத்துவிடும் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால், பெயர் பெற்ற நிறுவனங்களில் ஒரு பணியிடத்துக்குப் பலர் போட்டியிடுகிறார்கள். ஐந்து அல்லது ஆறு சுற்றுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. வாரக்கணக்கிலும், சில வேளைகளில் மாதக்கணக்கிலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கடைசிச் சுற்றுவரை வந்து திருப்பி அனுப்பப்படுபவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘பிறகு தகவல் தெரிவிக்கிறோம்.’ அந்தத் தகவல் வருவதே இல்லை.

காரணம் சொல்லப்படாத நிராகரிப்புக்கு நிராகரிக்கப்பட்டவரே ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறார். ‘எனக்குச் சரளமாகப் பேச வரவில்லை’, ‘என் ஆங்கிலம் போதவில்லை’, ‘நான் விற்பனைக்கு ஏற்ற ஆள் இல்லை’ என்று நம் மாணவர்கள் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தத் தன்பழி எந்த அளவுக்கு உண்மை என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். நீண்ட தேர்வுமுறையின் ஒவ்வொரு சுற்றும் எதைச் சோதிக்கிறது, சாதி அதில் எந்த இடத்தில் நுழைகிறது, அதைத் தடுக்கச் சட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

சுற்றுகள் எவ்வாறு அமைகின்றன

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடுகள் இருந்தாலும் பொதுவான வரிசை ஒன்று உண்டு. முதலில் தன்விவரக் குறிப்பைப் பார்த்து வடிகட்டுவதும் தொலைபேசியில் சில நிமிடங்கள் பேசிப் பார்ப்பதும் நடக்கும். அடுத்தது எழுத்துத் தேர்வு. எளிய கணக்கு, ஆங்கிலம், தர்க்கம் ஆகியவற்றோடு மருந்துத் துறையாயின் உடற்கூறு பற்றிய அடிப்படைக் கேள்விகளும் இருக்கும். மூன்றாவது குழு விவாதம். நான்காவது, பாவனை விற்பனை. மேசைமேல் கிடக்கும் பேனாவைக் காட்டி, ‘இதை என்னிடம் விற்றுக் காட்டுங்கள்’ என்பார்கள்.

ஐந்தாவது களப்பணி நாள். அனுபவமுள்ள பிரதிநிதி ஒருவருடன் நாள் முழுவதும் சுற்ற வேண்டும். மருந்து நிறுவனமானால் மருத்துவர்களின் அறைவாசலில் காத்திருப்பது, மருந்துக் கடைகளில் இருப்பு விசாரிப்பது, மொத்த விற்பனையாளரைச் சந்திப்பது என்று பொழுது போகும். ஆறாவது இறுதிச் சுற்று. வட்டார மேலாளரோ மனிதவள அலுவலரோ, பெரும்பாலும் இருவருமோ, விண்ணப்பதாரரைத் தனியே அழைத்துப் பேசுவார்கள். சில நிறுவனங்களில் இதன் பின்னரும் பயிற்சிக் காலத்தில் தேர்வு வைத்து ஒரு பகுதியினரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டு.

இந்த ஆறில் முதல் ஐந்துக்கும் வேலையோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது. கணக்குத் தெரியாதவர் தள்ளுபடி கணக்கிட முடியாது. பிறர் பேசுவதைக் கேட்கத் தெரியாதவர் கடைக்காரரின் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. வெயிலில் அலைய முடியாதவர் களத்தில் நிற்க முடியாது. ஆறாவது சுற்றில் கேட்கப்படும் கேள்விகளோ வேறு வகையைச் சேர்ந்தவை. ‘அப்பா என்ன செய்கிறார்?’ ‘சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?’ ‘சொந்த வீடா?’ ‘எங்கே தங்கிப் படித்தீர்கள்?’ ‘இந்த நகரத்தில் உங்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் யார்?’ இவை நட்பான குரலில், தேநீர் கொடுத்து, பதற்றத்தைத் தணிக்கும் பேச்சுப்போலக் கேட்கப்படுகின்றன. முடிவை எடுக்கும் அதிகாரம் உள்ளவர்களும் இந்தச் சுற்றில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆய்வுகள் காட்டுவது என்ன

தனியார் வேலையில் சாதி பார்ப்பதில்லை, திறமை மட்டுமே பார்க்கிறோம் என்ற வாதம் கடந்த இருபது ஆண்டுகளில் பலமுறை ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டிருக்கிறது.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவற்றுள் நன்கு அறியப்பட்டது. நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் அனுபவமும் ஒப்பாக இருந்தன. பெயர்கள் மட்டும் உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று வேறுபட்டன. அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் சாத்தியம் உயர்சாதிப் பெயருக்கு 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. விண்ணப்பதாரரின் முகத்தைக் காணுமுன், குரலைக் கேட்குமுன் நிகழ்ந்த வடிகட்டல் இது.

அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்தைச் சேர்ந்த 25 மனிதவள மேலாளர்களிடம் உரையாடி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திறமையே தம் அளவுகோல் என்று கூறிய அந்த மேலாளர்கள், விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யை அறிவது இன்றியமையாதது என்றும் கூறினார்கள். நல்ல குடும்பத்திலிருந்து வருபவர் நல்ல பண்புகளோடு வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. சாதி என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் சாதியைக் கேட்டறியும் வழியாகக் ‘குடும்பப் பின்னணி’ அமைந்துவிடுகிறது.

2009இல் அபிஜித் பானர்ஜி, மரியான் பெர்ட்ரான்ட், சௌகதோ தத்தா, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் வெளியிட்ட டெல்லி ஆய்வு விற்பனை வேலைக்கு மேலும் நெருக்கமானது. மென்பொருள் வேலைகளுக்கு அனுப்பிய விண்ணப்பங்களில் சாதிவாரியான வேறுபாட்டை அவர்கள் காணவில்லை. அழைப்பு மைய வேலைகளில் நிலைமை மாறியது. அங்கே உயர்சாதிப் பெயர்களுக்கும் பிற்படுத்தப்பட்ட சாதிப் பெயர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க இடைவெளி இருந்தது. பட்டியல் சாதிப் பெயர்களைப் பொறுத்தும், சற்றுக் குறைந்த அளவில், அது காணப்பட்டது. வாடிக்கையாளரோடு பேசும் வேலை, ‘மென்திறன்’ எதிர்பார்க்கப்படும் வேலை என்று வரும்போது சாதிக்கு இடம் கிடைத்துவிடுகிறது என்பதற்கான சுட்டுக்குறி இது.

நீண்ட தேர்வுமுறையைச் சுற்றுச்சுற்றாகப் பிரித்துப் பார்த்தவர் பொருளியலாளர் சௌமித்ரா சுக்லா. இந்தியாவின் முன்னணிக் கல்லூரி ஒன்றில் பன்னாட்டு நிறுவனங்கள் நடத்திய வளாகத் தேர்வுகளின் தரவுகளை அவர் ஆராய்ந்தார். விண்ணப்பித்தல், விண்ணப்பத்தைப் பரிசீலித்தல், எழுத்துத் தேர்வு, குழு விவாதம் ஆகிய கட்டங்களில் சாதிவாரியான இடைவெளி உருவாகவில்லை. தொழில்நுட்பம் சாராத இறுதி நேர்காணலில்தான் அது உருவானது. குடும்பப் பின்னணி, வசிக்கும் பகுதி, நிறுவனப் பண்பாட்டோடு பொருந்துவாரா என்பன போன்றவை எடைபோடப்பட்ட சுற்று அதுவே.

இந்த முடிவின் பொருளை நம் மாணவர்கள் நிதானமாக உள்வாங்க வேண்டும். பலர் முன்னிலையில் பேசி, வாதிட்டு, கேட்டு, இணங்கவைக்கும் திறனைச் சோதிப்பது குழு விவாதம். ‘பேச வரவில்லை’ என்பது உண்மையான காரணமாக இருந்திருந்தால் இடைவெளி அந்தச் சுற்றிலேயே வெளிப்பட்டிருக்க வேண்டும். அங்கே வெளிப்படவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருவர் ஒருவரிடம் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்ட இடத்தில் வெளிப்பட்டது.

பெயரில் சாதி இல்லாத ஊரில்

மேற்கண்ட ஆய்வுகளுள் விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தவற்றில் பெயரே அடையாளமாக இருந்தது. தமிழ்நாட்டு நிலைமை வேறு. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் சூட்டிக்கொள்வதைக் கைவிடத் தீர்மானித்தது. அந்த மரபின் பயனாக இன்று நம் தன்விவரக் குறிப்புகளில் தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் மட்டுமே இருக்கின்றன. பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்குவது இங்கே எளிதன்று. இது பெரும் வெற்றி, ஐயமில்லை.

ஆனால், தாளில் தெரியாததை வாய்ப்பேச்சில் தெரிந்துகொள்ளும் தேவை இதனாலேயே கூடுகிறது. ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்குப் பின்னால் ‘ஊரில் எந்தத் தெரு?’ என்ற கேள்வி வருவதற்குக் காரணம் அதுதான். நம் கிராமங்கள் ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடப்பதால் தெருப்பெயரே சாதிச் சான்றிதழ் ஆகிவிடுகிறது. முகவரியில் உள்ள ‘காலனி’ என்ற சொல் எவ்வளவு காலம் அந்தப் பணியைச் செய்தது என்பதை நாம் அறிவோம். தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்ட அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து சொல்லை நீக்கலாம். நேர்காணல் மேசையில் கேட்கப்படும் ‘எந்தப் பக்கம்?’ என்ற கேள்வியை எந்த அரசாணையும் இதுவரை எட்டவில்லை.

தங்கிப் படித்த இடமும் இத்தகையதே. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர் அதைச் சொன்னால் அடையாளம் தெரிந்துவிடும். சொல்லாமல் மழுப்பினால், பேச்சில் தெளிவில்லை, தன்னம்பிக்கை இல்லை என்று குறிப்பேட்டில் எழுதப்படும். தந்தையின் தொழில் பற்றிய கேள்வியிலும் இதே பொறிதான். துப்புரவுத் தொழிலாளி என்றோ விவசாயக் கூலி என்றோ சொல்லும் கணத்தில் எதிரே இருப்பவரின் முகத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை நம் மாணவர்கள் கவனிக்கத் தவறுவதில்லை. அடுத்த கேள்விக்கு அவர்கள் தடுமாறினால், அந்தத் தடுமாற்றமும் அவர்கள் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

‘வாடிக்கையாளர் ஏற்க மாட்டார்’

விற்பனைத் துறையில் மட்டும் தனியாக ஒரு வாதம் உண்டு. ‘எங்களுக்குச் சாதி ஒரு பொருட்டில்லை, ஆனால் மருத்துவர்கள், கடைக்காரர்கள், பணக்கார வாடிக்கையாளர்கள் ஆகியோரோடு கலந்து பழகக்கூடியவர் தேவை’ என்பதே அது. தன் பாகுபாட்டை வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவைக்கும் வாதம் இது.

இந்த வாதத்தின் விளைவை அண்ணல் அம்பேத்கரே அனுபவித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று திரும்பிய அவர், பரோடா அரசுப் பணியில் சேர்ந்தும் தங்க இடமின்றி வெளியேற நேர்ந்தது. அதன்பின் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள், நிறுவனம் மூடப்பட்டது. ஆலோசனையில் குறை கண்டு யாரும் விலகவில்லை. நூறாண்டுக்கு முன் வாடிக்கையாளர் செய்ததை இன்று வாடிக்கையாளரின் பெயரால் மேலாளர் முன்கூட்டியே செய்துவிடுகிறார். வாடிக்கையாளர் உண்மையில் மறுப்பாரா என்று சோதித்துப் பார்க்கவும் வாய்ப்பளிப்பதில்லை.

காப்பீடு போன்ற துறைகளில் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். வேலைக்குச் சேர வருபவரிடம் தமக்குத் தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரையும் தொடர்பு எண்ணையும் எழுதித் தரச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. முதல் சில மாத விற்பனை அந்தப் பட்டியலிலிருந்து வரும் என்பது கணக்கு. அரசு அலுவலர்களும் கடை முதலாளிகளும் நிலவுடைமையாளர்களும் உறவினராக உள்ள ஒருவரின் நூறு பெயர்களும், அன்றாடக் கூலிக்குச் செல்வோரை உறவினராகக் கொண்ட ஒருவரின் நூறு பெயர்களும் ஒன்றாக மாட்டா. இங்கே எடைபோடப்படுவது விண்ணப்பதாரரின் விற்பனைத் திறன் அன்று. அவருடைய சுற்றத்தாரின் வாங்கும் சக்தி. தலைமுறை தலைமுறையாகச் சொத்தும் பதவியும் மறுக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளைகள் இந்தத் தேர்வில் பின்தங்குவது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிட்ட ஒன்று.

நீளத்துக்கு விலை உண்டு

தேர்வுமுறை நீளமாக இருந்தால் நியாயமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நீளத்துக்கு ஒரு விலை உண்டு. அதை எல்லோரும் ஒரே அளவில் செலுத்துவதில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு நேர்காணலுக்கு வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். எழுத்துத் தேர்வு, குழு விவாதம், களப்பணி நாள், இறுதிச் சுற்று எனக் குறைந்தது நான்கு முறை வந்து திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணம், உணவு, சில நேரங்களில் இரவு தங்கும் செலவு, அன்றைய கூலி இழப்பு ஆகியவை சேர்கின்றன. தேய்த்த முழுக்கைச் சட்டையும் தோல் காலணியும் வாங்க வேண்டும். இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் இருப்பது பல விற்பனை வேலைகளுக்கு முன்நிபந்தனை. சென்னையில் சொந்த வீடோ உறவினர் வீடோ உள்ளவருக்கு இவற்றில் பெரும்பாலானவை செலவாகவே தெரிவதில்லை. கடன் வாங்கி வருபவர் மூன்றாம் சுற்றுக்குப்பின் அழைப்பு வந்தும் வராமல் நின்றுவிட்டால், ‘ஆர்வமில்லை’ என்று பதிவாகிறது.

களப்பணி நாள் பற்றியும் ஒரு சொல். ஒருநாள் உடன் சென்று பார்ப்பது தேர்வின் பகுதியாக இருக்கலாம். அதுவே ஒரு வாரமாக நீண்டு, விண்ணப்பதாரர் திரட்டிய தொடர்புகளையும் பெற்ற ஆர்டர்களையும் நிறுவனம் எடுத்துக்கொண்டால், அது ஊதியமில்லாத உழைப்பு. தேர்வு என்ற பெயர் அதன் தன்மையை மாற்றிவிடாது.

சட்டம் எதுவரை வருகிறது

அரசியல் சாசனத்தின் 16ஆம் உறுப்பு அரசு வேலையில் சமவாய்ப்பை உறுதி செய்கிறது. அரசு நடத்தும் நேர்காணல்களின் மீது நீதிமன்றங்களும் கடிவாளம் இட்டிருக்கின்றன. 1980இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அஜய் ஹாசியா வழக்கில் அளித்த தீர்ப்பு நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை பற்றிய வழக்கு அது. நேர்காணல் இரண்டு மூன்று நிமிடங்களே நடந்தது, பெற்றோர் பற்றியும் இருப்பிடம் பற்றியும் மட்டுமே கேட்டார்கள் என்பது மனுதாரர்களின் முறையீடு. அவ்வாறு நடந்திருந்தால் அத்தேர்வு பழுதுபட்டதே என்றது நீதிமன்றம். மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்கு ஒதுக்கியது தன்னிச்சையானது என்றும், 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்றும், நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் கூறியது.

2016 ஜனவரி முதல் ஒன்றிய அரசின் ‘சி’ பிரிவுப் பணியிடங்களுக்கும் அரசிதழ் சாராத ‘பி’ பிரிவுப் பணியிடங்களுக்கும் நேர்காணலே நீக்கப்பட்டது. நேர்காணல் என்பது வேண்டியவரை ஏற்றவும் வேண்டாதவரைத் தள்ளவும் வசதியான இடம் என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

இவை எதுவும் தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் நிறுவனத்திடம் நம் மதிப்பெண்ணைக் கேட்டுப் பெற முடியாது. வேலைக்கு ஆளெடுப்பதில் பெண்களைப் பாகுபடுத்தக்கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் வேலையிலும் பாதுகாப்பு அளிக்கின்றன. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. சாதியின் பெயரால் வேலை மறுக்கப்படுவோருக்கு இதற்கு ஒப்பான உரிமையியல் சட்டம், அதாவது நிறுவனத்தைப் பதில் சொல்ல வைத்து இழப்பீடு பெறும் வழி, இன்றுவரை இல்லை.

குற்றவியல் சட்டங்கள் உள்ளன. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்தத் தொழிலையோ வேலையையோ மேற்கொள்ளவிடாமல் தடுப்பதைத் தண்டிக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ.) பிரிவும் வேலை பெறுவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆயினும் குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். சாதியைச் சொல்லாமல், சாதியை அறிந்து, காரணம் காட்டாமல் நிராகரிக்கும் ஒரு முறையை இப்பிரிவுகளின் வலையில் பிடிப்பது கடினம். சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும் பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்பது வன்கொடுமைச் சட்டத்தின் நிபந்தனை. நேர்காணலோ மூடிய அறைக்குள் நடக்கிறது.

வேலைவாய்ப்பிலும் தொழிலிலும் பாகுபாட்டைத் தடை செய்யும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றுக்கொண்டது. சமூகத் தோற்றத்தின் அடிப்படையிலான பாகுபாடும் அதில் அடங்கும். 2006இல் ஒன்றிய அரசின் வலியுறுத்தலுக்குப்பின் தொழில் கூட்டமைப்புகள் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு அமைத்தன; சட்டம் வேண்டாம், நாங்களே முன்வந்து செய்கிறோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. தனியார் நிறுவனங்களின் ஆளெடுப்பும் அதற்குள் வருகிறது. சாதி பிறந்த நாட்டில் இல்லாத சட்டம் அது குடிபெயர்ந்த நகரில் இருக்கிறது.

நேர்மையான தேர்வு எப்படியிருக்கும்

மேலாளரின் உள்ளுணர்வுதான் நல்ல விற்பனையாளரைக் கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுலகில் ஆதரவில்லை. 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹண்டரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், வேலைத்திறனை முன்கணிக்கும் ஆற்றல் கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.51 ஆகவும் கட்டமைப்பற்ற பேச்சுக்கு 0.38 ஆகவும் இருந்தது; 1 என்பது முழுமையான கணிப்பு. கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்றால் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடுவது. வேலையிலிருந்தே எடுத்த ஒரு பணியைச் செய்து காட்டச் சொல்வதும் நல்ல பலன் தருவதாக அவர்கள் கண்டார்கள்.

எந்த வேலையைக் காட்டிலும் விற்பனை வேலையில் பலன் எண்ணிக்கையாகத் தெரியும். மாதக் கடைசியில் யார் எவ்வளவு விற்றார் என்பது பட்டியலில் இருக்கும். அப்படிப்பட்ட வேலைக்கு, அளக்கவே முடியாத ‘பொருத்தம்’ ஒன்றை அளவுகோலாக வைத்திருப்பதற்கு வணிக நியாயமும் இல்லை. எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. தந்தை தொழில், தெரு, விடுதி, சொந்த வீடு பற்றிய கேள்விகள் தேர்வின் எந்தச் சுற்றிலும் கேட்கப்படக்கூடாது. முகவரிச் சரிபார்ப்பு, வேலை உறுதியான பின்னரே நடக்க வேண்டும்.

2. எத்தனை சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்பதை விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும். இறுதி நேர்காணலைப் பதிவு செய்ய வேண்டும். நிராகரிக்கப்பட்டவர் கேட்டால் மதிப்பெண்ணைத் தர வேண்டும்.

3. இரண்டாம் சுற்றுக்குமேல் அழைக்கப்படுவோருக்குப் பயணச் செலவும், களப்பணி நாள்களுக்கு ஊதியமும் வழங்க வேண்டும்.

4. கல்லூரிகள் வளாகத் தேர்வுக்கு நிறுவனங்களை அனுமதிக்கும்போது மேற்கண்டவற்றை நிபந்தனையாக்க வேண்டும். எந்தச் சுற்றில் எந்தப் பிரிவு மாணவர் எத்தனை பேர் நீக்கப்பட்டனர் என்ற கணக்கை வேலைவாய்ப்புப் பிரிவு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

5. தனியார் ஆளெடுப்பில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான உரிமையியல் சட்டம் வேண்டும். பாகுபாட்டுக்கான அடையாளம் தெரிந்தால், தன் முடிவு நேர்மையானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை அச்சட்டம் நிறுவனத்தின்மீது வைக்க வேண்டும்.

நான்காவது கோரிக்கைக்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகளின்படி கல்லூரிகளில் சமவாய்ப்புப் பிரிவு இருக்க வேண்டும். அது பெயரளவில் இருக்கிறதா, செயல்படுகிறதா என்று கேட்பதிலிருந்து மாணவர் அமைப்புகள் தொடங்கலாம்.

அதுவரை நம் கையில் இருப்பவை

நேர்காணலுக்குச் செல்லும் மாணவர்களுக்குச் சில சொற்கள். ஒவ்வொரு சுற்றின் நாள், இடம், கேட்ட கேள்விகள், கேட்டவரின் பதவி ஆகியவற்றை வெளியே வந்த உடனே எழுதி வையுங்கள். நினைவு மங்குமுன் எழுதிய குறிப்பு பிற்பாடு முறையீட்டுக்கு வலுச் சேர்க்கும். முடிவை மின்னஞ்சலில் தெரிவிக்குமாறு எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வராதீர்கள். சரிபார்த்து அப்போதே திரும்பப் பெறுங்கள். பயிற்சிக் கட்டணம், முன்வைப்புத் தொகை என்று பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். குடும்பம் பற்றிய கேள்வி வந்தால், ‘இந்த வேலைக்கு அது எவ்வாறு தொடர்புடையது என்று அறியலாமா?’ என்று பணிவோடு கேட்பதில் பிழையில்லை. அப்படிக் கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. கேட்பதா, பதில் சொல்லிவிட்டுக் குறிப்பெழுதுவதா என்பதை அந்த இடத்தில் அமர்ந்திருப்பவரே முடிவு செய்ய வேண்டும். எப்படி முடிவு செய்தாலும் அது அவருடைய இழுக்கு ஆகாது.

சாதியைச் சுட்டி இழிவாகப் பேசினாலோ, சாதி தெரிந்தபின் வெளிப்படையாக வாய்ப்பு மறுக்கப்பட்டாலோ, தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கும் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கும் முறையிடலாம். தனியொருவரின் முறையீட்டைவிட, ஒரே நிறுவனத்தின் ஒரே சுற்றில் நீக்கப்பட்ட பத்துப் பேரின் குறிப்புகள் ஒன்றாக வைக்கப்படும்போது ஒரு போக்கு புலப்படும். அந்தக் குறிப்புகளைத் திரட்டும் வேலையைக் களச் செயற்பாட்டாளர்களும் மாணவர் அமைப்புகளும் ஏற்க வேண்டும். தோரட்டும் அட்டவெல்லும் 66 வாரங்கள் செலவிட்டுச் செய்ததை, அந்த அளவு வசதிகள் இல்லாமலேயே, ஒரு மாவட்டத்தில் ஓர் ஆண்டில் நம்மால் செய்ய முடியும்.

ஐந்து சுற்றுகளில் வென்ற ஒருவர் ஆறாவதில் தோற்றால், அந்த ஆறாவது சுற்றில் என்ன கேட்கப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ‘எனக்குப் பேச வரவில்லை’ என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கும்வரை, அந்த அறைக்குள் கேட்கப்படும் கேள்விகளை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.